மதுரையில் வெயில், மேலே மழை

டீச்சரிடம் கேட்கலாம்: வாசகர் கேள்விகளுக்கு, போடியிலிருந்து ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை பதில் சொல்கிறார்

கேள்வி: வணக்கம் டீச்சர். நாங்கள் ஆறு பேர், கல்லூரி நண்பர்கள். ஆளுக்கொரு ஊரில் வேலை. மூன்று மாதம் திட்டம் போட்டு, நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு போடிக்கு மேலே குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை நடந்து ஏறுவதாக இருந்தோம். பாதி வழியில் சென்ட்ரல் என்ற இடத்தில் ஒரு ராத்திரி தங்கல். அனுமதியும் வாங்கியாகிவிட்டது. சனி விடிகாலை எல்லோரும் மதுரை ஆரப்பாளையத்தில் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைடு போன் செய்தார். "மேலே பேய் மழை, வராதீங்க, வனத்துறையும் விடாது" என்றார். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பொட்டு மேகம் இல்லை. "அந்த ஆளுக்குச் சோம்பல், நாமே போய்ப் பார்ப்போம்" என்று இரண்டு பேர் ஒரே சண்டை. கடைசியில் எல்லோரும் திரும்பிவிட்டோம். அந்த இரண்டு பேரும் இன்றுவரை எங்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்கிறார்கள். நாங்கள் செய்தது சரியா?
கா.ம., திருப்பூர்

பதில்: தம்பி, ஆரப்பாளையத்தில் வெயில் அடித்ததை நான் நம்புகிறேன். நீங்கள் சொல்லும் அந்தச் சனிக்கிழமை நான் போடியில் மாடியில் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தேன். அவ்வளவு நல்ல வெயில். ஆனால் பத்து மணிக்குப் பால்காரர் வந்து, "கொட்டக்குடி ஆறு கலங்கி வருது டீச்சர், சருகும் குச்சியுமா மிதக்குது" என்றார். அதைக் கேட்டால் போதும், மேலே என்ன நடக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். குரங்கணி மலையில் விழுகிற தண்ணீர்தான் அந்த ஆறு. ஊரில் ஒரு துளி விழாமலே ஆறு நிறம் மாறும்.

ஏன் அப்படி? வகுப்பில் முப்பது வருஷம் சொன்னதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. சமவெளியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. போடிக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கும் மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடும். நீங்கள் ஏற இருந்தது அந்தக் கிழக்கு முகத்தில்தான்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். வானிலை மையம் 'மிக கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர். கேட்க ஒரு சாண் தண்ணீர் மாதிரி இருக்கும். குறைந்தபட்சம் 12 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர கிலோமீட்டரில் 12 கோடி லிட்டர் விழுகிறது. சரிவில் விழுந்தது அங்கே நிற்குமா? அத்தனையும் நீங்கள் தாண்டவேண்டிய ஓடைகளைத் தேடித்தான் வரும்.

உங்கள் இரண்டு நண்பர்களும் ஆசைப்பட்டதை நான் செய்தே பார்த்தவள். 1994 நவம்பர். ஐந்து ஆசிரியைகள், ஒரே ஒரு குடை. அப்போது இந்த அனுமதிக் கெடுபிடியெல்லாம் கிடையாது. கீழே டீக்கடையில் ஒரு பெரியவர், "இன்னைக்கு வேண்டாம் தாயி" என்றார். சிரித்துவிட்டு நடந்தோம். காலையில் ஓடையைத் தாண்டும்போது கெண்டைக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி கடந்தோம். மதியம் திரும்பி வந்தால் அதே இடத்தில் ஓடையைக் காணோம், காபி நிறத்தில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் என் காதில் இருப்பது தண்ணீரின் இரைச்சல்கூட இல்லை, அதற்கு அடியில் பாறைகள் உருண்ட சத்தம். ஆட்டுரலில் கருங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல, கடகடவென்று. காலடி மண்ணே அதிர்ந்தது. இந்தக் கரையில் ஒரு பாறை இடுக்கில் ஆறு மணி நேரம் ஒண்டிக்கிடந்தோம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஐந்தாகப் பங்கிட்டோம். எங்களில் சின்னவளுக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. நனைந்த பருத்திப் புடவை உடம்புச் சூட்டை எப்படி உறிஞ்சும் என்று அன்றுதான் தெரிந்தது. இரவு தண்ணீர் வடிந்தபிறகு, தேடி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டீக்கடைப் பெரியவர், அரிக்கேன் விளக்கோடு.

நீங்கள் போக இருந்த பாதைக்கே ஒரு மழைக் கதை உண்டு. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கியது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் என்ற பெயர்களெல்லாம் அந்தக் கயிற்றுப் பாதை விட்டுப்போனவை. 1924 ஜூலையில் மூணாறு மலையில் கொட்டிய மழை அந்த ரயில் பாதையைத் துடைத்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. தண்டவாளத்தையே கொண்டுபோன மழைக்கு முன்னால் ஆறு முதுகுப்பை எம்மாத்திரம்!

அந்த கைடு சோம்பேறியாக இருந்திருந்தால் போன் செய்திருக்க மாட்டார். நீங்கள் குரங்கணி வந்து சேர்ந்தபிறகு கையை விரித்திருப்பார். 2018 மார்ச்சில் அதே மலையில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபிறகு, வனத்துறை 'முடியாது' என்றால் அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. டிசம்பர் கடைசி, இல்லாவிட்டால் ஜனவரியில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீரும் இருக்கும், புல் பச்சையாகவே இருக்கும். தள்ளிப்போடாதீர்கள். பிப்ரவரி பாதியில் புல் காய ஆரம்பித்தால் தீக்காலம் என்று பாதையை மூடிவிடுவார்கள். அந்த இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள், பாறை இடுக்கைக் காட்டுகிறேன்.

கேள்வி: மழையால் எங்கள் ட்ரெக்கிங் ரத்தானது. கொடுத்த பணத்தில் கைடு பாதிதான் திருப்பித் தந்தார். மழைக்கு நாங்களா பொறுப்பு?
ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவரும் பொறுப்பில்லையே. உங்களுக்காக அரிசி, காய்கறி வாங்கியிருப்பார், ஜீப்புக்கு அச்சாரம் கொடுத்திருப்பார், அந்த இரண்டு நாள் வேறு வேலையும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். உள்ளூர் ஆள் பாதி தந்தது பெரிய மனசு என்பேன். நகரத்து நிறுவனம் மூலம் போனால் கதை வேறு. மழையால் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகத்தான் பேசுவார்கள், பணம் மட்டும் வராது.

கேள்வி: என் மகனின் மலைப் பயணம் ரத்தாகிப் பத்து நாள் ஆகிறது. கட்டிய பை ஹாலில் அப்படியே நிற்கிறது. பிரிக்கச் சொன்னால் முறைக்கிறான். என்ன செய்ய?
ஓர் அம்மா, நாமக்கல்

பதில்: கொஞ்ச நாள் நிற்கட்டும் அம்மா, அவனுக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் டார்ச்சிலிருந்து பேட்டரியை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், கசிந்தால் டார்ச்சே வீண். அட்டைப்பூச்சிக்காக உப்பு முடிச்சு வைத்திருப்பான், அது இந்நேரம் நீர்விட்டு ஊறியிருக்கும். உள்ளே ஜீன்ஸ் இருந்தால் அவன் இல்லாதபோது எடுத்துவிடுங்கள். நனைந்தால் கல்லாகக் கனக்கும், இரண்டு நாளானாலும் காயாது. அடுத்த தடவை துணிகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை முதுகுப்பைக்குள் வைக்கட்டும். வெளியே மாட்டும் மழை உறையை மட்டும் நம்பக் கூடாது, முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

அதெல்லாம் இருக்கட்டும், வழிக்கு என்று நீங்கள் கட்டிக்கொடுத்த புளிசாதம் பையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்து நாள் என்கிறீர்களே!