பதில்: சென்னையில் வாங்கிய ஃபிரிட்ஜ் ரிப்பேர், நான் இருப்பது திருநெல்வேலி. வக்கீல் இல்லாமல் வழக்குப் போட முடியுமா?

தாராளமாப் போடலாம் சார். கேஸுக்காக சென்னைக்கு ஓட வேண்டியதும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரைன்னா புகார்க் கட்டணமே கிடையாது. உங்க ஃபிரிட்ஜ் 28,000 ரூபாய்தானே!

முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பாருங்க, சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துடும். மசியலைன்னா, கடைக்கும் கம்பெனிக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ், ஒப்புகையோடு தபாலில். சட்டம் கட்டாயம்னு சொல்லலை, ஆனா பின்னாடி பேசப்போறது அந்த ரசீதுதான்.

புகாரில் இரண்டு பேரையுமே எதிர்தரப்பாச் சேருங்க. கடைக்காரரை மட்டும் சேர்த்தா "உற்பத்திக் குறை, எனக்கென்ன"ன்னு கையை விரிப்பார். நடந்ததைத் தேதிவாரியா எழுதி, பில், வாரண்டி கார்டு, மெக்கானிக் கொடுத்த ஜாப் ஷீட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாத்தையும் வையுங்க. கூடவே நோட்டரி கையெழுத்தோட ஒரு பிரமாணப் பத்திரம். தமிழிலேயே எழுதலாம்.

மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம்னு எல்லாம் கேட்காதீங்க, புகாரோட மதிப்பே குறையும். பழுது தெரிஞ்ச நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் கெடு. ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்குன்னு போடுங்க, பார்த்துச் சொல்றேன்.