அழுதால் போதுமா?

அன்புள்ள ஐயா,

அம்மா வீட்டில் போட்ட நகைகளை என் கணவர் ஒவ்வொன்றாக அடகு வைத்து, ஆன்லைன் ரம்மியில் விட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் முழங்காலில் நின்று அழுதார். உபவாசக் கூட்டத்தில் சாட்சியும் சொன்னார். அப்புறம் மறுபடியும் கடன், மறுபடியும் கண்ணீர். இப்போது என் ஏடிஎம் கார்டைக் கேட்கிறார். தர மனம் வரவில்லை. "ஒரு நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் மன்னிக்கணும்" என்று மாமியார் வசனம் காட்டுகிறார். நான் மன்னிக்கத் தெரியாதவளா?

– ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புச் சகோதரி,

கார்டைக் கொடுக்காதீர்கள். அவர் மேல் உள்ள வெறுப்பை விட்டுவிட இன்றைக்கே உங்களால் முடியலாம், அதுதான் மன்னிப்பு. பணத்தை ஒப்படைக்கும் நம்பிக்கை அவர் நடத்தையைப் பார்த்துத்தான் வரும். மாமியார் காட்டுவது லூக்கா 17:4. அதற்கு முந்தின வசனம், குற்றம் செய்த சகோதரனைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் கண்ணீர் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அழுததும் மனசு லேசாகிவிடுகிறது, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றுகிறது. அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மனந்திரும்ப வந்தவர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று யோவான்ஸ்நானகனிடம் கேட்டபோது, வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம் கட்டளைக்கு மேல் வசூலிக்க வேண்டாம் என்றார். போர்ச்சேவகரிடம் சம்பளமே போதும் என்று இருக்கச் சொன்னார். அவரவர் எங்கே தவறினார்களோ அங்கேயே கை வைத்தார். ஆயக்காரனான சகேயுவும் அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான். லேவியராகமம் 6-ம் அதிகாரத்தில், அபகரித்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவரிடம் கொடுத்த பிறகே குற்றநிவாரண பலியைப் பற்றிய பேச்சு வருகிறது.

இங்கே உரியவர் நீங்கள். சபை முன்னால் சாட்சி சொன்னவர், உங்களிடம் முழுக் கடன் கணக்கைச் சொன்னாரா? அதிலிருந்து தொடங்கட்டும். அடகுச் சீட்டுகள் எல்லாம் உங்கள் கைக்கு வரவேண்டும். போனிலிருந்து அந்த ஆப்கள் போகவேண்டும். நகையை மீட்க அவர் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கட்டும்.

இன்னொன்று. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் மனநலக் கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவரே அழைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

சில மாதங்கள் இப்படி நடக்கிறாரா என்று பாருங்கள். கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தப் பேச்சில் மாமியாரும் இருக்கட்டும்.