ஆல்தோ போட்டால் பட் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கு மெயில் எழுதும்போது ‘ஆல்தோ நிட்டிங் இஸ் ஓவர், பட் டையிங் இஸ் பெண்டிங்’ (துணி பின்னியாயிற்று, சாயம் ஏற்றுவது பாக்கி) என்று எழுதினால் மேனேஜர் ‘பட்’டை அடித்துவிடுகிறார். ‘நாட் ஒன்லி’க்குப் பின்னால் ‘பட்’ வந்தால் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. எதை நம்பி எழுதுவது?

பதில்: மேனேஜர் அடித்தது சரிதாங்க. ‘ஆல்தோ’ தலையில் ஏறியதுமே அந்த வாக்கியம் தனியாக நிற்காது, இன்னொன்றைச் சார்ந்துதான் நிற்கும். வாக்கியங்களை இணைக்கும்போது ‘பட்’டுக்கோ இரண்டு பக்கமும் தனியாக நிற்கக்கூடிய வாக்கியம் வேண்டும். அதனால் இரண்டில் ஒன்றுதான். ‘நிட்டிங் முடிஞ்சாலும், ஆனா டையிங் பாக்கி’ என்று நாம் பேசிப் பழகியதால்தான் இந்த ‘பட்’ தானாக வந்து உட்காருகிறது.

‘யெட்’ போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது வினையடையாகவும் வரும் என்பதால் தப்பில்லை. பள்ளி இலக்கணப் புத்தகங்களில் ‘ஆல்தோ - யெட்’ ஜோடியாகவே இருக்கும். ஆனால் இன்றைய மெயிலில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். ‘டையிங் இஸ் ஸ்டில் பெண்டிங்’ என்றால் போதும்.

இலக்கணத்தைவிட உங்களுக்கு முக்கியமானது வேறு ஒன்று. ‘ஆல்தோ’ ஒட்டிய பகுதி அடங்கிவிடும், மற்றதுதான் பையர் மனதில் நிற்கும். ‘ஆல்தோ டையிங் இஸ் பெண்டிங், வி வில் ஷிப் ஆன் டைம்’ என்று படிப்பவருக்குச் சரக்கு வந்துவிடும் என்ற தெம்பு. உங்கள் வாக்கியத்தில் அவருக்கு மிஞ்சுவது ‘பெண்டிங்’ மட்டும்தான். தேதியை உறுதியாகச் சொல்ல முடிந்தால், தாமதத்தை ‘ஆல்தோ’ பக்கம் தள்ளுங்கள்.

‘நாட் ஒன்லி’ கதை வேறு. அதில் இருப்பது ‘நாட்’. ‘இது அல்ல, அது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘நாட் - பட்’ தான் வழக்கம், அதனால் ‘பட்’ அங்கே உரிமையோடு வருகிறது. வைக்கும் இடத்தில்தான் சறுக்கும். ‘வி நாட் ஒன்லி செக்ட் த காலர் பட் ஆல்ஸோ த ஸ்லீவ்’ என்பதில் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் பெயர். ‘வி செக்ட் நாட் ஒன்லி த காலர் பட் ஆல்ஸோ த ஸ்லீவ்’ என்றால் இரண்டு பக்கமும் பெயர், கச்சிதம்.

‘லேபிளும் வரல, டேக்கும் வரல’ என்று நாம் இரண்டு தடவை மறுப்போம். அதே பழக்கத்தில் ‘வி டிட் நாட் ரிசீவ் நெய்தர் த லேபிள் நார் த டேக்’ என்று எழுதிவிடுகிறோம். ‘நெய்தர்’ரிலேயே மறுப்பு இருப்பதால் ‘டிட் நாட்’ கூடாது. ‘வி ரிசீவ்ட் நெய்தர்...’ என்று ஆரம்பியுங்கள். ‘டிட் நாட்’ வேண்டுமென்றால் ‘ஐதர் - ஆர்’ போடுங்கள்.

அப்புறம், ‘இது ஆன உடனே அது’ என்று சொல்ல ‘நோ சூனர்’க்கு ஜோடி ‘தேன்’ (than), ‘ஹார்ட்லி’க்கு ஜோடி ‘வென்’. பரீட்சை எழுதுபவர்கள் மனப்பாடம் செய்யட்டும். ஷிப்மென்ட் மெயிலுக்கு ‘ஆஸ் சூன் ஆஸ்’ தாராளம்.