பதில்: இனவரைவியல் நூல்களைப் பற்றி எழுதினால் கதைச்சுருக்கமாகவே வருகிறது

வணக்கம். மூன்று இனவரைவியல் நூல்கள் (ஒரு மக்கள் கூட்டத்தோடு வாழ்ந்து பார்த்து எழுதும் ஆய்வு நூல்கள்) படித்தும் கட்டுரை கதைச்சுருக்கமாகவே நிற்கிறது, சொந்தக் கருத்தைச் சேர்த்தால் "பாவம்" என்ற இரக்கம்தான் மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், மூன்றையும் சமமாகப் பேசும் எண்ணத்தை விடுங்கள். உங்களை உறுத்திய ஒரு காட்சியிலேயே நில்லுங்கள்.

உங்கள் பட்டியலில் உள்ள, மானுடவியலாளரும் மருத்துவருமான சேத் ஹோம்ஸின் 'ஃப்ரெஷ் ஃப்ரூட், ப்ரோக்கன் பாடீஸ்' (2013) நூலையே பாருங்கள். மெக்சிகோவின் ட்ரிக்கி பழங்குடித் தொழிலாளர்களோடு அவரும் வாஷிங்டன் மாநிலப் பண்ணையில் குனிந்து ஸ்ட்ராபெரி பறிக்கிறார். பறித்தாக வேண்டிய குறைந்தபட்ச எடையை அவரால் எட்ட முடியவில்லை. ஆனாலும் வேலை போகவில்லை. மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழங்கால் வலியோடு சிகிச்சைக்குப் போகும் தொழிலாளிக்கோ, சரியாகக் குனியத் தெரியவில்லை என்ற பதில்தான் கிடைக்கிறது.

எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். சிகிச்சை தருபவருக்கு அக்கறை இருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் முழங்கால் படுகிறது, வயலும் கூலியும் படுவதில்லை. நீங்கள் எழுதும் "பாவம்" வலியைப் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் போய்விடுகிறது. அந்தக் கேள்வியில் தொடங்குங்கள், சுருக்கம் தானாகவே குறையும்.

அப்புறம், நூலில் வரும் மக்களை நினைத்து, "படிப்பதால் அவர்களுக்கு என்ன பயன்" என்று கேட்டிருந்தீர்கள். அதையும் கட்டுரையில் வையுங்கள். இது ஆய்வாளர்களும் எதிர்கொண்ட கேள்விதான். மானுடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1960களில் வடகிழக்கு பிரேசிலில் சுகாதாரப் பணியாளராக இருந்தவர். பின்னாளில் ஆய்வாளராகத் திரும்பியபோது, பழையபடி தங்களோடு சேர்ந்து உழைக்கச் சொல்லி அந்த ஊர்ப் பெண்களே அவரை வற்புறுத்தினார்கள்.

முதல் பத்தியை எழுதியதும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.