மால் பாஷை: வாசகர் கேள்வி, நம் பதில்

கே: சென்னையில் படிக்கும் என் மகள் வாராவாரம், "சும்மா மாலுக்குப் போயிட்டு வந்தோம்ப்பா" என்கிறாள். கையில் ஒரு பை கூட இருப்பதில்லை. நாலு மணி நேரம் அங்கே என்னதான் செய்கிறார்கள்?
(ஒரு தந்தை, திருநெல்வேலி)

ப: அந்தச் 'சும்மா'வில்தான் சங்கதியே இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளிடம் நேரம் நிறைய, காசு கொஞ்சம். மால் பேச்சில் புழங்கும் பாதி வார்த்தைகள் காசு செலவழிக்காமல் பொழுதை ஓட்டுவதைப் பற்றியவைதான். 'ஏசி காத்து வாங்குறது' என்றால் வெயிலுக்கு ஒதுங்குவது. 'சுத்துறது' என்றால் கீழ்த்தளத்தில் தொடங்கி, தளத்துக்கு ஒரு வட்டமாக மேலே ஏறுவது. அடுத்தது துணிக்கடை. இரண்டு மூன்று உடுப்பை எடுத்து ட்ரையல் ரூமுக்குள் போவார்கள், கண்ணாடி முன் போட்டோ எடுப்பார்கள், உடுப்பைத் திருப்பி வைத்துவிட்டு வருவார்கள். ட்ரையல் ரூம் வாசலில் எண் போட்ட அட்டை கொடுத்து, எத்தனை உடுப்பு உள்ளே போகிறது என்று எண்ணுவது சும்மா இல்லை.

கடைசியில் ஃபுட் கோர்ட். ஐந்து பேருக்கு இரண்டு பிளேட், ஆளுக்கொரு ஸ்பூன். ஒருத்தி மொத்தமாகக் கட்டுவாள், மற்றவர்கள் "ஜிபே பண்ணிடுறேன்டி" என்பார்கள். சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். பில்லை அங்கேயே போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, எழுந்திருப்பதற்குள் வசூலித்துவிட வேண்டும். வீட்டுக்குப் போனபின் கேட்டால் கேட்டவளுக்குத்தான் கெட்ட பெயர்.

காசு கசியும் ஓட்டைகள் வேறு. சினிமா டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தால் சேவைக் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக ஏறும். ஐந்து டிக்கெட் என்றால் ஐந்து தடவை. கூட்டமில்லாத பகல் காட்சிக்கு கவுன்டரில் எடுப்பதே லாபம். பைக் பார்க்கிங் மணிக்கணக்கு. வேளச்சேரி பீனிக்ஸ் மாலுக்குப் பறக்கும் ரயில், வடபழனி மாலுக்கு மெட்ரோ என்று போனால் அந்தச் செலவு மிச்சம். சில ஃபுட் கோர்ட்டுகளில் பணம் ஏற்றிய கார்டு கொடுப்பார்கள். மீதியை அன்றே கவுன்டரில் திருப்பி வாங்காவிட்டால் அந்த நாற்பது ரூபாயை மறந்துவிட வேண்டியதுதான்.

கே: கனடாவில் வளர்ந்த என் மகன் விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தான். மாலில் "அவன் சீன் அடிக்கிறான்" என்று சொல்ல, மச்சான்மார் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதில் என்ன பிழை?
(ஒரு தாய், டொரண்டோ)

ப: பெயர்ச்சொல் சரி, வினைதான் பிழை. 'சீன்' (பகட்டுக் காட்டுவது) போடத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது. இந்தப் பேச்சில் பெயர்ச்சொல் ஆங்கிலமாக இருக்கலாம், ஆனால் உயிர் இருப்பது பின்னால் வரும் தமிழ் வினையில்.

ஓரளவு கைகொடுக்கும் கணக்கு இது. மறைவாகச் செய்வதற்கு 'அடி': சைட் அடிக்கிறது (ஒருவரை ரசித்து நோட்டமிடுவது), கிளாஸைக் கட் அடிக்கிறது, பரீட்சையில் பிட் அடிக்கிறது (ஒளித்துவைத்த துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதுவது), வேலையில் ஓபி அடிக்கிறது (வேலை செய்யாமல் ஏய்ப்பது). நாலு பேர் முன்னால் அரங்கேற்றுவதற்கு 'போடு': சீன் போடுறது, கடலை போடுறது (ஆணும் பெண்ணும் வெட்டிப்பேச்சு பேசுவது), மொக்கை போடுறது (சலிப்பூட்டும்படி பேசுவது). காற்றில் கலக்கும் பொய்க்கும் பகட்டுக்கும் 'விடு': ரீல் விடுறது, உதார் விடுறது, தேவையில்லாமல் ஆங்கிலம் பேசிப் பீட்டர் விடுறது. பட்டுக்கொண்டவனுக்கு 'வாங்கு': பல்ப் வாங்கினான் (அசடு வழிந்தான்), மொக்கை வாங்கினான் (மூக்குடைபட்டான்). மொக்கை போட்டவன் வேறு, வாங்கியவன் வேறு. இதை மாற்றிச் சொன்னால் கதையே தலைகீழாகிவிடும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 'போர் அடிக்குது' என்பதில் என்ன மறைவு இருக்கிறது?

இப்போது பதினெட்டு வயதில் இருப்பவர்கள் இந்த வினைகளைக் கைவிட்டு வருகிறார்கள். "வைப் பண்றோம்" (ஜாலியாக இருக்கிறோம்), "செம க்ரிஞ்சா இருக்கு" (பார்க்கவே கூச்சமாக இருக்கிறது) என்று எல்லாவற்றுக்கும் 'பண்ணு', 'இரு' போட்டு முடித்துக்கொள்கிறார்கள். ருசி குறைவுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதுதான் பத்திரமான வழி, பிழை வராது.

இன்னொன்றும் சொல்லிவையுங்கள். வயசுப் பையன்களுக்குள் 'மச்சி', 'ப்ரோ' எல்லாம் செல்லும். வாசலில் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டியை 'ப்ரோ' என்றால் முகம் மாறும். அவர் 'அண்ணா', துணிக்கடையில் நிற்கும் பெண் 'அக்கா'. சீருடையைப் பார்த்து 'ஹலோ' என்று கூப்பிடுவது எல்லாவற்றிலும் மோசம்.

கே: 'மால்' என்பது எந்த மொழிச் சொல்? திருமாலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
(தமிழாசிரியர், மதுரை)

ப: சம்பந்தமில்லை. இத்தாலியர் பந்தைச் சுத்தியலால் அடித்து ஆடிய 'பல்லமாலியோ' என்ற ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய் 'பால் மால்' ஆயிற்று. லண்டனில் அதை ஆடிய மரநிழல் பாதைக்கு 'தி மால்' என்று பெயர் வந்தது. பிறகு உலாவும் இடமெல்லாம் மால் ஆகி, கடைசியில் கடைகள் நிறைந்த கட்டடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, 'சும்மா சுத்துறது' பெயரிலேயே இருக்கிறது.

கூரை போட்டு, முழுக்க மூடி, குளிரூட்டிய மாலுக்கு முன்மாதிரி அமெரிக்காவில் மினியாபொலிஸ் அருகே 1956-ல் திறந்த சவுத்டேல். வடிவமைத்தவர் வியன்னாவிலிருந்து போன விக்டர் குருயன். ஊர் கூடும் சதுக்கம் போல இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விளைந்ததோ வேறு. ஒரு சட்டை வாங்க உள்ளே வந்தவர், வந்த காரியத்தை மறந்து கண்டதையும் வாங்கத் தொடங்கும் அந்தக் கணத்துக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்! ஏறும் எஸ்கலேட்டர் ஒரு முனையிலும் அடுத்தது மறுமுனையிலும் இருந்தால், நடுவில் உள்ள கடைகளையெல்லாம் கடந்துதானே போக வேண்டும்? சுவரில் கடிகாரமும் வெளிச்சம் தெரியும் ஜன்னலும் அபூர்வம். தமிழில் 'மால்' என்றால் மயக்கம் என்றும் பொருள் உண்டு என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கே: எங்கள் காலத்து ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகத்தில் பேரம் பேசி வாங்குவோம். இப்போதைய மால்களில் ஏன் முடிவதில்லை?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை)

ப: ஸ்பென்சரின் பழைய கட்டடம் 1983-ல் தீயில் போனபின் எழுந்தது இப்போதைய பிளாசா. அதில் சின்னச் சின்னக் கடைகள் நிறைய, கல்லாவில் முதலாளியே உட்கார்ந்திருப்பார். "கடைசி ரேட் சொல்லுங்கண்ணே" என்பதற்கு அங்கே அர்த்தம் இருந்தது. புது மாலில் எதிரே நிற்பவர் சம்பளக்காரர். பார்கோடைத் தட்டினால் வரும் விலையை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. பேரத்துக்குப் பதிலாக, சீசன் முடிவுத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். முதல் நாள் போனால் சைஸ் கிடைக்கும், கடைசி வாரம் போனால் விலை கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அதிர்ஷ்டம்.

கே: தோழிகளோடு போகும்போது ஒருவன் தளம் தளமாகப் பின்தொடர்கிறான். கேட்டால் "சைட் தானே அடிச்சேன்" என்கிறான். என்ன செய்வது?
(கல்லூரி மாணவி, அண்ணா நகர்)

ப: பார்ப்பது வேறு, பின்தொடர்வது வேறு. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியபின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் குற்றம். அதனால் "பின்னால வராதீங்க" என்று நாலு பேர் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பிறகு அதற்குச் சாட்சி இருக்கும். பார்க்கிங் தளத்துக்கோ மாடிப்படிப் பக்கமோ ஒதுங்காதீர்கள். நேராகத் தகவல் மேசைக்குப் போய், எந்தத் தளம், எந்தக் கடை வாசல், மணி எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். கேமரா பதிவைத் தேட இந்த மூன்றும் வேண்டும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் புகாரை அன்றே கொடுப்பது முக்கியம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. 1998-ல் தமிழகம் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் கொண்டுவந்ததே, கேலி என்ற பெயரில் நடந்த துரத்தல் ஒரு கல்லூரி மாணவியின் உயிரைப் பறித்த பிறகுதான். 'சைட்' என்ற சொல் எதற்கும் சமாதானம் ஆகாது.

கே: மால் தியேட்டரில் தண்ணீரையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?
(வாசகர், கோவை)

ப: வேண்டாம். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவருவதைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 ஜனவரியில் அதே வழக்கில் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. ஸ்டாலில் கேட்காதீர்கள், பாட்டிலைத்தான் நீட்டுவார்கள். "குடிதண்ணி எங்கே வச்சிருக்கீங்க?" என்று ஊழியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருக்கும்.

கே: பேத்தி என்னை 'பூமர்' என்கிறாள். திட்டா, செல்லமா?
(ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

ப: பழைய காலத்து ஆள் என்று கிண்டல் செய்யும் சொல் அது. பின்னால் 'பாட்டி' சேர்த்துச் சொன்னால் செல்லம்.