தங்கிப் பயணிக்கும் வேனுக்கு இரண்டாவது பேட்டரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: வண்டியில்தான் ஏற்கெனவே பேட்டரி இருக்கிறதே, ஃபிரிட்ஜையும் ஃபேனையும் அதிலேயே ஓட்டினால் என்ன?

ஓட்டலாம். காலையில் செல்ஃப் எடுக்காது, தள்ள ஆள் தேட வேண்டும். வண்டி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கவே அதைச் செய்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க உறிஞ்சினால் சீக்கிரமே செத்துவிடும். அதனால்தான் பின்னால் இரண்டாவது பேட்டரி.

கேள்வி: இரண்டு பேட்டரியையும் ரிலே (தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) வைத்து இணைத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். டிசி-டிசி சார்ஜர் (வரும் வோல்டேஜைப் பின் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவாகச் சார்ஜ் ஏற்றும் கருவி) அவசியமா?

பின்னால் வைப்பது லெட் ஆசிட் (வழக்கமான ஈய-அமில பேட்டரி), வண்டியும் பழசு என்றால் அவர் சொல்வது சரி. ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் டைனமோ) வோல்டேஜ் சுமார் 13.3-ஐத் தாண்டியதும் ரிலே சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் டீசல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அங்கே ரிலே தூங்கிவிடும். லித்தியம் பேட்டரியோ கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூட வாய்ப்புண்டு. இந்த இரண்டில் எது உங்கள் கதையானாலும் சார்ஜருக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: நான்கு மணி நேரம் ஓட்டியும் பின் பேட்டரி பாதிகூட ஏறவில்லை. பேட்டரி போச்சா?

முதலில் வயரைப் பாருங்கள். என் முதல் வேனிலும் இதே கதை. பேட்டரியைத் திட்டிக்கொண்டே மல்டிமீட்டரை வைத்தேன்: முன்னால் 14.2, பின்னால் 13.3. போக 5 மீட்டர், வர 5 மீட்டர், அதில் 30 ஆம்பியர்; போட்டிருந்ததோ 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர். முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோனது. 16 ஸ்கொயர் போட்டதும் இழப்பு 0.3 ஆனது. அப்புறம், அந்த வயரின் இரண்டு முனையிலும், பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மின்சாரம் வரும் வயர் அது; நடுவில் எங்காவது உரசித் தேய்ந்தால் தீதான்.

கேள்வி: எத்தனை ஆம்பியர்-ஹவர் வாங்குவது?

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் போல எடுக்கும். வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்றால் நாளுக்கு 4 ஆம்பியர் × 12 மணி = 48 ஆம்பியர்-ஹவர். ஃபேன், விளக்கு, போன் சேர்த்து 70 வரும். லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, எனவே 150 வேண்டும். லித்தியம் என்றால் 100 போதும்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதை வைக்கலாமா?

ஆழமாக இறக்கி ஏற்றத் தாங்கும். ஆனால் தூக்கிப் பார்த்தீர்களா? அரை மூட்டை அரிசியைவிடக் கனம். குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். தலைமாட்டில் அதை வைத்துக்கொண்டு நான் தூங்க மாட்டேன்.

கேள்வி: லித்தியத்தோடு லடாக் போகலாமா?

போகலாம். பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏற்றாதீர்கள். வேனுக்குள்ளேயே, உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பு?

1800 வாட் என்றால் 12 வோல்ட்டில் 150 ஆம்பியருக்கு மேல். கேஸே வாங்குங்கள்.