ஏற்பும் சுயமரியாதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் வேலை பார்க்கிறேன். நான் தன்பாலீர்ப்புள்ள ஆண் ('கே'). நானும் என் இணையும் ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் சித்தி மகன் என்று சொல்லியிருக்கிறோம். போன மாதம் அவனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் உறவு என்று கேட்ட இடத்தில் 'நண்பர்' என்று எழுதினேன். "சொந்தக்காரங்க யாராவது வரட்டும்" என்றார்கள். திண்டுக்கல்லிலிருந்து அவன் அண்ணன் வந்து சேரும்வரை பிளேட்லெட் எவ்வளவு என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. 'இவங்க ஏத்துக்கணும்னு ஏன் ஏங்குற, விட்டுத் தள்ளு' என்கிறார்கள் சில நண்பர்கள். 'சமூகம் மெதுவா மாறும், பொறு' என்கிறார்கள் வேறு சிலர். எங்களுக்கு மற்றவர்களின் ஏற்பு தேவையா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் இணைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த ஒரே ஆளை வராந்தாவில் நிறுத்திவிட்டு, திண்டுக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைச் சொல்வதற்கு அங்கிருந்தவர்களுக்கு உங்களைப் பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிடிக்காமலேகூடச் சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வர வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

பொறுக்கச் சொல்பவர்களுக்கு 2013 டிசம்பரை நினைவூட்டுங்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தபோது, பாதிக்கப்படுகிறவர்கள் மிகச் சிறு எண்ணிக்கையினர் என்பதையும் ஒரு காரணமாக எழுதியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைத் தள்ளினார்கள். பெரும்பான்மையோரின் ஒழுக்கக் கருத்தைவிட அரசியலமைப்பின் அறமே மேல் என்றார்கள். இடையில் இருந்த ஐந்து வருடத்தில் ஊரெல்லாம் மனம் மாறிவிடவில்லை. ஊரார் மனதைப் பொறுத்து உங்கள் உரிமை ஏறி இறங்கக் கூடாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1920களின் இறுதியில் சுயமரியாதைத் திருமணங்கள் தொடங்கின. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. சாதி விட்டுச் சாதி கட்டியவர்களும் அதில் உண்டு. ஊர் ஏசியது. 1953இல் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. பத்து, இருபது வருடம் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! சொத்து, வாரிசு, பிள்ளைகளின் பெயர் எல்லாமே கேள்விக்குறி. ஆனாலும் அதன் பிறகும் அந்த மேடைகளில் மாலை மாற்றுவது நிற்கவில்லை. அண்ணா முதல்வரானபின் 1967இல் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும் செல்லும் என்று அது சொன்னது.

அவர்கள் ஊரின் சம்மதத்துக்காக ஒரு முகூர்த்தத்தைக்கூடத் தள்ளிப்போடவில்லை. அதே சமயம் சட்டத்தை வேண்டாம் என்று விட்டுவிடவும் இல்லை. அதனால் விட்டுத் தள்ளச் சொல்லும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்து, அது சட்டமியற்றுபவர்களின் வேலை என்றது. சட்டமியற்றும் அவைகளில் கை தூக்குகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே உங்களைப் போன்றவர்கள் அல்லர். அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். கெஞ்ச வேண்டாம், வரி கட்டும் குடிமகனாகக் கேளுங்கள். புரிந்துகொள்ளும் உழைப்பு அவர்களுடையது. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, இணையரான இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். உளவியலாளரிடம் உட்கார்ந்து தெரிந்துகொண்டபின்தான் தீர்ப்பு எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இப்போதே செய்யக்கூடியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருபால் இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய அரசு 2024இல் தெளிவுபடுத்திவிட்டது. இருவரும் உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அம்மாவைச் 'சமூகம்' என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஏங்குவதில் பலவீனம் எதுவும் இல்லை. எந்தப் பிள்ளைக்கும் இருக்கிற ஏக்கம் அது. ஆனால் அவருடைய சம்மதம் உங்கள் வாழ்க்கைக்கு நிபந்தனையாக முடியாது. 2025 மே மாதம், தன் பெண் இணையோடு சேர விடாமல் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது. பெற்றோரின் மனதை மாற்றும்படி அது உத்தரவு போடவில்லை, போடவும் முடியாது. மகள் தன் விருப்பப்படி போகலாம், யாரும் தடுக்கக் கூடாது என்றது.

நீங்கள் சொந்தச் சம்பளத்தில், தனி வீட்டில் இருக்கிறீர்கள். சொல்வதற்கு இது நல்ல நிலைமை. குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொல்லாதீர்கள். அம்மா அழலாம், மாதக்கணக்கில் பேசாமலும் இருக்கலாம். அந்த அவகாசத்தை அவருக்குக் கொடுங்கள். பெண் பார்த்து நிச்சயம் பண்ணும்வரை மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பிறகு ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இதில் மாட்டிக்கொள்ளும்.